புகைக்குழாய்க்கு இரண்டாவது சென்சார் வந்த கதை

காரின் உறுப்புகள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது புகைக்குழாயில் ஒரே ஒரு சென்சார்தான் இருந்தது. எஞ்சினை ஒட்டி உட்கார்ந்து, வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக் காரின் கணினிக்குச் சொல்லும். அதற்கு அடுத்து இருந்தது கன்வர்ட்டர். அதன் வயிற்றுக்குள் தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள். விஷப்புகை அவற்றின் வழியே போனால் விஷம் முறிந்துவிடும். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கணினிக்கு வழியில்லை. தினமும் கேட்கும்: "நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்" என்று கன்வர்ட்டர் சொல்லும். அதோடு சரி.

கோத்தகிரியில் எஸ்தர் அப்படியொரு காரை வாடகைக்கு ஓட்டினாள். ஒரு மழைக்காலத்தில் எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமல், மிச்சம் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அந்த அறைகள் கருகிப்போயின. கழற்றி எறிந்துவிடுவார்களே என்று கன்வர்ட்டர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கணினி கேட்டபோதும் "நல்லா இருக்கேன்" என்றது.

அன்று மத்தியானம் ஒரு சவாரியை இறக்கிவிட்டு எஸ்தர் வீட்டுக்கு வந்தாள். மழைக்காகக் காரை ஷெட்டுக்குள் விட்டு, உடனே கிளம்பவேண்டும் என்பதால் எஞ்சினை அணைக்காமல், பின்கட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். ஷெட்டுக்கு மேலே பலகை போட்ட அறையில் அவள் கணவன் ஞானதாஸ் கைக்குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

குழந்தை பால் குடிக்கும் நேரம் தாண்டியும் சத்தமில்லை. எஸ்தர் மேலே போனாள். காரின் விஷப்புகை பலகை இடுக்கு வழியே அறைக்குள் ஏறியிருந்தது. ஞானதாஸை உலுக்கினாள், கண் திறக்கவில்லை. குழந்தையைத் தூக்கினாள், தலை ஈரத்துணி போலத் தொங்கியது. குழந்தையை மழையில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டு, திரும்பி வந்து புருஷனைப் படியில் இழுத்து இறக்கினாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை மெல்ல முனகியது. பிறகு ஞானதாஸ் வாந்தியெடுத்தான்.

இருவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுச் சாயங்காலம் எஸ்தர் காருக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியாதா?" என்று கணினியைக் கேட்டாள்.

"கேட்டேம்மா. நல்லா இருக்கேன்னு சொன்னான்."

"கேட்டே, சரி. பார்த்தியா?"



"கழற்றிடுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றது கன்வர்ட்டர்.

ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டது தன் தப்பு என்று எஸ்தருக்குத் தெரியும். அதை அவள் மறுபடி செய்யவில்லை. மறுநாள் இன்னொரு சென்சார் வாங்கி வந்து கன்வர்ட்டருக்குப் பின்னால் பொருத்தினாள்.

எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் கணினி இரண்டு சென்சாரையும் கவனித்தது. நல்ல கன்வர்ட்டர் ஆக்ஸிஜனைத் தனக்குள் பிடித்துவைத்துச் செலவழிக்கும். முன்னால் அளவு எவ்வளவு துள்ளினாலும் பின்னால் அடங்கியே இருக்கும். இங்கே முன்னால் துள்ளியது போலவே பின்னாலும் துள்ளியது. இத்தனை நாள் எதை நம்பினோம் என்று கணினி உறைந்துபோனது.

"ஒரு தடவை பார்த்துப் பழி போடக்கூடாதும்மா. நாளைக்கும் பார்க்கிறேன்" என்றது.

அடுத்த நாள் ஓட்டத்திலும் அதே துள்ளல். கணினி எஸ்தருக்கு முன்னால் மஞ்சள் விளக்கை ஏற்றியது. அதற்குப் பிறகு அது ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகுதான் காரின் கணினி கன்வர்ட்டரிடம் நலம் விசாரிப்பதை விட்டது; முன்னும் பின்னும் உள்ள சென்சார்களை ஒப்பிட்டு, இரண்டு ஓட்டத்தில் குறை தெரிந்தால் பேசாமல் விளக்கை எரிக்கிறது.