ராஜ சபைக்கு ஒரு கம்பளம்

கானூர்க் கோட்டையை ஆண்ட வீரபூபதி ராஜாவுக்கு எதிரிகளால் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. ஒரு கம்பளத்தால்தான் கெட்டது.

அரண்மனையில் புதிதாகச் சபா மண்டபம் கட்டி முடித்திருந்தார்கள். வழவழவென்று கருங்கல் தரை. நடுவே சிம்மாசனம், அதைச் சுற்றி அரைவட்டமாக மந்திரிகளுக்குப் பன்னிரண்டு நாற்காலிகள். தரையில் விரிக்க ஒரு கம்பளம் வேண்டுமென்று நெசவுக்காரி தாயம்மையிடம் சொன்னார்கள்.

"எவ்வளவு பெரிசு?" என்று அவள் கேட்டாள்.

"அழகாக இருக்கவேண்டும்" என்றார்கள். அளவை யாரும் சொல்லவில்லை.

அவள் நெய்து வந்த முதல் கம்பளம் சிம்மாசனத்துக்கு மட்டும் சரியாக இருந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் அது யாரோ தவறவிட்ட கைக்குட்டை மாதிரி கிடந்தது. மந்திரிகளின் கால்கள் வெறும் கல்லில். பிரதானி நாகலிங்கர் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கம்பளத்தைச் சுவருக்குச் சுவர் முட்ட நெய்தாள். ராஜா ஆசையாக வந்து உட்கார்ந்தார். வாசல் பக்கம் பார்த்தார். அங்கே எச்சில் படிக்கம் ஏந்துகிறவனும் அதே கம்பளத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"நானும் அவனும் ஒரே கம்பளத்திலா?" என்று எழுந்துவிட்டார்.

நாகலிங்கருக்கு இதுதான் சமயம். அவருடைய மைத்துனர் பத்துத் தறி வைத்திருந்தார். அரண்மனை வேலை அங்கே போகவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

"மகாராஜா, கம்பளத்தில் உட்காராவிட்டால் மந்திரிகளான எங்களுக்கு மரியாதை இல்லை. உட்கார்ந்தாலோ தங்களுக்குச் சமம் ஆகிவிடுவோம். ஆகையால் நாங்களும் கம்பளத்தில் இருக்கவேண்டும், தாங்கள் மட்டுமே கம்பளத்தில் இருக்கவேண்டும். அப்படி ஓர் அளவில் நெய்யச் சொல்லுங்கள்."

ராஜாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. "பத்து நாள் கெடு. தவறினால் இவள் தறியை உடைத்து அரண்மனை அடுப்பில் வையுங்கள்!" என்றார்.

தாயம்மை அழவில்லை. நேராக அரண்மனை விகடகவி வில்லியப்பரின் வீட்டுக்குப் போனாள். "ஐயா, இரண்டு கம்பளம் நெய்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இப்படி ஓர் அளவு உலகத்தில் இருக்கிறதா?"

"இருக்கிறதா என்று போய்ப் பார்த்தால்தானே தெரியும்? கொஞ்சம் கோலமாவு எடுத்து வா."

மறுநாள் காலை வில்லியப்பர் மண்டபத்தில் குனிந்து, கோலமாவால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கம்பளம் எதுவரை வரும் என்று அடையாளம் செய்கிறார் என்ற செய்தி பரவியதும் மந்திரிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

"என் பக்கம் ஒரு முழம் கூட்டிப் போடும்" என்றார் தானாதிபதி.

"எனக்குக் கூட்டாவிட்டாலும் பரவாயில்லை, அவருக்குக் குறைத்துப் போடும்" என்று காதில் சொன்னார் சேனாதிபதி.

வில்லியப்பர் எல்லோரிடமும் "ஆகட்டும்" என்றார். கோடு தன் வழியில் போயிற்று.

பிறகு தாயம்மையிடம், "புதிதாக ஒன்றும் நெய்யவேண்டாம். பெரிய கம்பளத்தை இந்தக் கோட்டளவுக்கு வெட்டிவிடு" என்றார்.

"வெட்டினால் ஓரம் பிரியுமே ஐயா. முடிச்சுப் போட்டு மடித்துத் தைக்க நாலு நாள் ஆகும்."

"கெடுவுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. தைத்துவிடு."

பத்தாம் நாள் சபை கூடியது. கம்பளம் விரிந்து கிடந்தது. சுற்றிலும் சுவரோரமாகக் கருங்கல் தரை பளபளத்தது. படிக்கம் ஏந்துகிறவன் அந்தக் கல்லில் நின்றான். ராஜாவுக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்தது.

"நாகலிங்கரே, நீர் கம்பளத்தில் இருக்கிறீரா?"

பிரதானி குனிந்து பார்த்தார். இரண்டு பாதங்களும் மெத்தென்று கம்பளத்தில் இருந்தன. இல்லை என்று சொன்னால் பதினொரு பேர் முன்னால் மானம் போய்விடும்.

"இருக்கிறேன், மகாராஜா."

"அப்படியானால் நீரும் எனக்குச் சமமா?"

வில்லியப்பர் முன்னால் வந்தார்.

"மகாராஜா, நாலு கால் இருப்பதால்தானே அது நாற்காலி? தங்கள் சிம்மாசனத்துக்கு நாலு காலும் கம்பளத்தில். மந்திரிகளின் நாற்காலிக்கு முன்கால் இரண்டு மட்டும் கம்பளத்தில், பின்கால் இரண்டும் கல்லில். ஆகையால் அவர்களும் கம்பளத்தில் இருக்கிறார்கள். முழுக்க இருப்பது தாங்கள் மட்டுமே."

ராஜா எழுந்து ஒவ்வொரு நாற்காலியாகப் போய்ப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம்.

"பாதி உள்ளே, பாதி வெளியே. என் மந்திரிகள் இப்படி இருப்பது நன்றாகவா இருக்கிறது, வில்லியப்பரே?"

"மகாராஜா, என்றைக்கு அவர்கள் முழுக்க உள்ளே இருந்தார்கள்? இன்றைக்குக் கம்பளம் போட்டதால் கண்ணுக்குத் தெரிகிறது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாயம்மைக்கு ஆயுசுக்கும் அரண்மனை நெசவு என்று அங்கேயே உத்தரவாயிற்று. வில்லியப்பருக்குத் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்தினார்.

மறுநாள் ராஜா சபைக்கு வந்தபோது, பன்னிரண்டு நாற்காலிகளும் நாலு காலோடு கம்பளத்துக்குள் ஏறி, சிம்மாசனத்தை நெருக்கிக்கொண்டு நின்றன. நுழைய வழி இல்லை.

"என்ன கூத்து இது?"

"விசுவாசம், மகாராஜா! இன்றுமுதல் முழு விசுவாசம்!" என்றார் நாகலிங்கர். மற்ற பதினொரு பேரும் தலையை ஆட்டினார்கள்.

ராஜா இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழையப் பார்த்தார். கிரீடம் சேனாதிபதியின் மூக்கில் இடித்தது.

"ஐயா," என்றார் ராஜா, "உங்கள் விசுவாசத்தை எல்லாம் இரண்டு முழம் பின்னால் தள்ளிப் போடுங்கள். நான் உட்காரவேண்டும்!"