இவ ஏறினாத்தான்

“இவ ஏறினாத்தான் கியர் மாட்டிக்குது. நான் மட்டும் போனா வண்டி பட்டு மாதிரி போகுது. இவ ராசி அப்படி.”

சௌந்தரபாண்டி இதைத் திரும்பவும் சொன்னார், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

“இத்தனை வருஷம் என் ராசி போட்ட சோத்தைத் தின்னப்போ தெரியலையா?” என்றாள் அவர் மனைவி கமலவேணி.

மறுநாள் மகளுக்கு வளைகாப்பு. சீர்த்தட்டுகளோடு அவர் தன் நாலு கதவு பிக்கப்பில் போவாராம். பெற்றவள் பஸ்ஸில் வர வேண்டுமாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ராசியில்லாதவள் என்ற பேச்சு சம்பந்தி வீட்டு வாசல் ஏறிவிட்டால், மகள் கையில் வளையல் போட அவளை யார் விடுவார்கள்?

மலையடிவாரத்தில் ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கிற பட்டறை அது. நடத்துகிறவள் ஜெசிந்தா. லாரிப் பட்டறைகளில் தலை நரைத்துப்போன வீரணன், இந்தப் புது வித்தையைக் கற்க அவளிடம் வந்து சேர்ந்திருந்தார். மகள் வயதுதான் அவளுக்கு. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“ஆயில் சரி, ஃபில்டர் புதுசு. எப்பவோ கரண்ட் லைன் விட்டுப்போச்சுன்னு ஸ்கேனர் சொல்லுது, எங்கேன்னு சொல்லலை. நானே மலையேறி இறங்கிப் பாத்துட்டேன் டீச்சர். ஒரு குறையும் இல்லை.”

“வண்டிக்காரர் என்ன சொல்றார்?”

“ராசி கீசின்னு ஏதோ... அதை விடுங்க.”

“ஏன் விடணும்? அம்மா ஏறினாத்தான் வருதுங்கிறார். அம்மாவை ஏத்திப் பாத்தீங்களா?”

“கனத்துக்கு முன்சீட்டுல சிமெண்ட் மூட்டை வச்சுப் பாத்தேன்.”

“எத்தனை மூட்டை?” என்றாள் கமலவேணி.

வீரணன் ஸ்கேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

நால்வரும் மலையேறினார்கள். சௌந்தரபாண்டி ஓட்டினார், பக்கத்தில் கமலவேணி. பின்சீட்டில் குருவும் சீடரும். முதல் சில வளைவுகளில் சௌந்தரபாண்டி புது மாப்பிள்ளை மாதிரி ஓட்டினார். பிறகு பழைய சௌந்தரபாண்டி ஆகிவிட்டார். ஒரு வளைவில் எதிரே பஸ். கடைசி நொடியில் ஒடித்தார். வண்டி நிமிர்ந்ததும் எஞ்சின் அலறியது, வேகம் வரவில்லை. கியர் மாட்டிக்கொண்டது.

“பாத்தீங்களா?” என்றார், பரிசு வாங்கியவர் போல.

வீரணன் மீட்டரில் எரிந்த எச்சரிக்கை விளக்கைப் பார்த்தார். ஜெசிந்தா முன்சீட்டுகளின் நடுவே குனிந்து, கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓரமா நிறுத்துங்க. அம்மா, நீங்க காலை எடுக்காதீங்க.”

கமலவேணியின் இடது கால், கதவோரத்து பிளாஸ்டிக் மூடியில் அழுந்த ஊன்றியிருந்தது. அந்த இடம் தேய்ந்து குழிந்திருந்தது. ஜெசிந்தா மூடியைக் கழற்றினாள். பின்னால், கியர் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்களின் இணைப்பு. அதன் கொக்கி உடைந்திருந்தது.

எஞ்சினை அணைத்து மறுபடி போட்டதும் எச்சரிக்கை விளக்கு போய்விட்டது. இணைப்பைக் கையால் அழுத்தினாள். விளக்கு வந்தது.

பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இணைப்பை இறுக்கி, கால் எட்டாத உயரத்தில் கட்டினாள்.

“அப்போ என் ராசி இல்லை,” என்றாள் கமலவேணி.

“ஒயர்தாம்மா.”

“எழுதிக் குடு தாயி. சம்பந்தி வீட்டுல மாட்டி வைக்கணும்.” அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

சௌந்தரபாண்டி தொண்டையைச் செருமினார். “நாளைக்கு நீ முன்சீட்டுல வா. தட்டெல்லாம் பின்னாடி இருக்கட்டும்.”

வீரணனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

“அவர் சொன்னது நிஜமாத்தானே போச்சு டீச்சர்? இவங்க ஏறினாத்தான் வந்திருக்கு. அப்போ பழுது இவங்க கால்லேருந்தா ஆரம்பிச்சுது?”

“அண்ணே, பஸ் எதிரே வந்தப்போ அம்மா எதுன்னு நெனச்சு அந்த இடத்தை மிதிச்சாங்க?”

வீரணன் யோசித்தார். “பிரேக்குன்னு.”

“அந்தப் பக்கம் பிரேக் இருக்கா?”

வீரணன் ஓட்டுகிறவரின் முதுகைப் பார்த்தார்.

இறக்கத்தில் வண்டி பட்டு மாதிரிதான் போனது. கமலவேணி சீட்டில் நன்றாகச் சாய்ந்து, மகள் பக்கத்தில் எந்தப் புடவையில் நிற்பது என்று யோசித்துக்கொண்டு வந்தாள். அடுத்த வளைவு தெரிந்ததும் இடது கால் தானாக நீண்டது.

“ஏங்க, கொஞ்சம் மெதுவாப் போங்களேன்.”