பதினொரு மெஷினும் அணையும் நாள்

நான்காவது மெயிலையும் அனுப்பிவிட்டு சுடலைமணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“இதுக்கு மேல நான் என்ன செய்ய, மேடம்? நாளை மறுநாள் பதினொரு மணிக்கு பாஸ்வேர்டெல்லாம் காலாவதி. ஆபீஸ்ல எல்லாரும் மாத்தியாச்சு. டிசைன்ல பதினொரு பேர்ல ஒருத்தர்கூட மாத்தல.”

அந்தக் காலண்டர் அச்சகத்தின் கணினி அறைக்கு ஜெயமேரி பொறுப்பு. வயது முப்பத்தொன்று. சுடலைமணிக்கு ஐம்பத்திரண்டு. அதன் காகிதக் கிட்டங்கியில் இருபது வருடம் சரக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து ஏழு மாதம் ஆகிறது. போன தடவை பாஸ்வேர்டு காலாவதியானபோது, சர்வர் படங்களைத் திறக்கவிடாமல் டிசைன் பிரிவு அரை நாள் நின்றது. இன்னொரு தடவை நின்றால் சுடலைமணி கிட்டங்கிக்கே திரும்ப வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“ஆபீஸ்ல உங்க மெயிலைப் படிச்சா மாத்தினாங்க?”

“மெயில் எதுக்கு? காலையில லாகின் பண்ணும்போதே ‘இன்னும் மூணு நாள், ரெண்டு நாள்’னு விண்டோஸ் சொல்லிருதே.”

“டிசைன்ல?”

“அங்க இருக்கிறது மேக் கம்ப்யூட்டர். அதுவும் சொல்லும்.”

“சொன்னதைப் பார்த்தீங்களா?”

அவர் பார்த்ததில்லை.

“போய் உட்கார்ந்து பாருங்க. எதுவும் பேச வேண்டாம்.”

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அவங்க லாகின் பண்றதே இல்ல, மேடம். ஒரு முருகன் படம் திறக்கவே பத்து நிமிஷம் ஆகுதாம். அதனால திறந்தது திறந்தபடியே கிடக்கு. சாயங்காலம் திரை இருளும், காலையில தொட்டா முழிக்கும். எச்சரிக்கை பாவம், வாசல்ல காவல் நிக்குது. அவங்க வீட்டை விட்டு வெளிய வந்தாத்தானே.”

“மெயில்?”

“என் பேரைப் பார்த்தாலே அழிச்சிருவாளாம், அந்த டிசைன் ஹெட் செண்பகவல்லி. நான் கேக்கவே இல்ல. அவளாவே சொன்னா.”

ஜெயமேரியும் சிரித்தாள்.

“அந்தப் பதினொரு பேருக்கு மட்டும் காலாவதியே இல்லைன்னு போட்டுருவோமா, மேடம்?”

“அப்போ தினமும் வாசலுக்கு வந்து போற ஆபீஸ்காரங்களுக்கு மட்டும்தான் சட்டமா, அண்ணாச்சி?”

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“அந்த மெஷினெல்லாம் எப்போதான் அணைப்பாங்க?”

“ஆயுத பூஜைக்கு. பொட்டு வச்சு மாலை போடறதுக்கு அணைப்பாங்க. வருஷத்துல அந்த ஒரு நாள்தான்.”

“ஆயுத பூஜை என்னைக்கு?”

“நாளைக்கு” என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

மறுநாள் பதினொரு மெஷினும் அணைந்து, பொட்டு வைத்துக்கொண்ட பிறகு, ஜெயமேரி தன் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். திரையில் ‘அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும்’ என்ற சின்னக் கட்டத்தில், பதினொரு பெயருக்கும் அவர் ஒவ்வொன்றாகக் குறியிட்டார்.

விஜயதசமி காலை மெஷின்கள் விழித்ததும் புதிய பாஸ்வேர்டு கேட்டன. சுடலைமணி டிசைன் பிரிவின் கதவோரம் நின்றார்.

“நல்ல நாள் பார்த்துக் கேக்குது, அண்ணாச்சி” என்றாள் செண்பகவல்லி. “உங்க மெயிலுக்கு இந்தப் புத்தி இல்லாமப் போச்சே.”

பத்து மணிக்குள் எல்லாம் மாறிவிட்டன. பதினொரு மணி வந்தது, போனது. முருகன் படத்தில் வள்ளியின் சேலைக்கு என்ன பச்சை என்று டிசைன்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் திரும்பி வந்தபோது ஜெயமேரி சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

“இன்னைக்குத் தப்பிச்சேன். இதுக்கும் தொண்ணூறு நாள்தான் ஆயுசு. பொங்கல் கழிஞ்சதும் மறுபடி காலாவதி. அப்போ மெஷினை அணைக்க எந்தப் பூஜை இருக்கு, மேடம்?”

“பூஜை இல்லாத நாளுக்குத்தான், அண்ணாச்சி, நீங்க இருக்கீங்க.”

சுடலைமணி மேஜையில் கிடந்த மாதிரிகளிலிருந்து அடுத்த வருடத் தினசரி காலண்டர் ஒன்றை எடுத்தார். தாள்களை எண்ணித் தள்ளி, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒரு தாளின் முனையை மடித்தார்.