பன்னிரண்டு கட்டும் ஒரு கொட்டகையும்

புரட்டாசி இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கூழைமேட்டில் ஒன்பது பேர் ஆவுடையப்பனின் களத்தில் கூடினார்கள். மழைக்கு முன் வைக்கோலைக் கட்டிக் கொட்டகையில் சேர்த்தாக வேண்டும். நனைந்தால் அழுகிவிடும். ஆவுடையப்பனின் பசு நிறைசினை. கார்த்திகை முழுக்க அதற்கு அந்த வைக்கோல்தான் தீனி.

வழி சொல்ல விவசாய அதிகாரி வந்தார். பைக்கை அணைக்காமலே சொன்னார்: "நாலு மூங்கில் குச்சியைச் சதுரமா நடுங்க. கயித்தைக் கீழ போட்டு, நடுவுல வைக்கோலை அடுக்கி மிதிங்க. எல்லாத்தையும் இறுக்கிக் கட்டுங்க. அவ்வளவுதான் கருவி."

எல்லாத்தையும் என்றாரே என்று குச்சி நான்கையும் சேர்த்தே கட்டினார்கள். நல்ல கட்டு. தூக்கினால்தான் வரவில்லை.

"பூமி விடமாட்டேங்கு வே," என்றான் ஆவுடையப்பன்.

"அவுத்துப் பாப்பமா?" என்றது ஒரு குரல்.

ஊர்த்தலைவர் பொன்னுலிங்கம் நிமிர்ந்தார். "கட்டச் சொன்னாரு. அவுக்கச் சொன்னாரா?"

யாருக்கும் அப்படி ஞாபகமில்லை. மண்வெட்டி வந்தது. சுற்றிலும் தோண்டி, குச்சியோடு கட்டைப் பெயர்த்தார்கள். கருவி கட்டுக்குள் போய்விட்டதால் அடுத்த கட்டுக்குக் களத்து வேலி மூங்கிலை உருவிப் புதுக் கருவி செய்தார்கள்.

மூன்று கட்டில் வேலி தீர்ந்தது. எல்லோரும் கொட்டகையைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, கொட்டகை மூங்கிலை உருவிட்டா கட்டை எங்க வைக்க?" ஆவுடையப்பன் பொன்னுலிங்கத்தின் முன்னால் போய் நின்றான்.

"ஏலே, கட்டே இல்லாம வெறுங்கொட்டகையை வச்சு என்ன செய்யப்போறே?"

அவன் யோசித்தான். கொட்டகையை வைத்து என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை. அரிவாளை அவனே எடுத்துக் கொடுத்தான்.

புதன்கிழமை பன்னிரண்டு கட்டும் முடிந்தன. தரை ஈரம் ஏறாமலிருக்கப் பிரித்த கொட்டகையின் கூரைக் கீற்றைக் கீழே விரித்து, அதன்மேல் அடுக்கினார்கள். கீழே பாதுகாப்பு பலமாக இருந்தது. மேலே மேகம் கூடியது.

"கொட்டகை இல்லாட்டா நனைஞ்சிருமே! மாடு என்னத்தைத் திங்கும்?" ஆவுடையப்பன் அழுதேவிட்டான்.

"அழாதலே," என்றார் பொன்னுலிங்கம். "கொட்டகைதான வேணும்? மூங்கில் எங்க இருக்கு?"

"கட்டுக்குள்ள."

"அப்ப அவுத்துருங்க வே. இது அதிகாரி சொல்லி அவுக்கல, அவசரத்துக்கு அவுக்கோம்."

பன்னிரண்டு கட்டும் பிரிந்தன. குச்சிகளை ஒட்டுப்போட்டு, இருட்டுவதற்குள் கொட்டகையை நிறுத்திவிட்டார்கள். கூரைக்குக் கீற்று இல்லை, அது தரைக்கு ஆகிவிட்டது. அதனால் கையிலிருந்த வைக்கோலை வேய்ந்தார்கள். பன்னிரண்டு கட்டு வைக்கோலும் சரியாக இருந்தது.

ஐப்பசி முதல் தேதி மழை கொட்டியது. விடிந்ததும் பொன்னுலிங்கம் கொட்டகைக்குள் தலையை நீட்டினார்.

"வந்து பாருலே. உள்ள ஒரு வைக்கோலாவது நனைஞ்சிருக்கா?"

ஆவுடையப்பன் நான்கு மூலையிலும் தேடினான். நனைந்த வைக்கோல் ஒன்றுகூட இல்லை. கையெடுத்துக் கும்பிட்டான்.

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை, பசு கொட்டகையைத் தின்று முடித்தது.