பானெட்டில் ஒட்டிய டேப்

மில் முதலாளி தாண்டவராயனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கறுப்புக் காரோடு பட்டறைக்கு வந்தவர், பாலிஷ் மெஷின் பிடிக்கும் ரோஸ்லினிடம் கத்தினார்: "என்னைத் திரும்ப வரவைக்க நீயே கீறல் போட்டு அனுப்புறே! இன்னொரு தடவை கீறல் விழுந்தா உன் வேலை போயிரும்."

ரோஸ்லின் காரை முகம் தெரியும் கண்ணாடி போலப் பாலிஷ் போட்டு, பானெட் நடுவில் அகலமான பேப்பர் டேப் ஒட்டினாள். "ஒரு வாரம் பிரிக்காதீங்க ஐயா."

வாரம் முடிந்ததும் வந்து குதித்தார். "பாரு, மறுபடியும் கீறல்!"

"காரை யாராவது தொட்டாங்களா ஐயா?"

"டிரைவரைக்கூடத் தொட விட மாட்டேன். தினமும் நானே தோள்துண்டால தூசி துடைக்கிறேன்."

அவள் டேப்பை உரித்தாள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"மெஷின் போட்டதுன்னா இங்கேயும் இருக்கணுமே! தூசியோட துண்டைத் தேய்ச்ச ஆளு இதுக்குள்ள பளிச்சுன்னு தெரியுறாரு. குனிஞ்சு பாருங்க ஐயா."