போதகர் போன தடவை சொன்னது

கிருபைவிளைக் கோயிலுக்குச் சற்குணம் போதகர் வருஷத்துக்கு ஒருமுறை, அசன விருந்துக்கு மட்டும் தவறாமல் வருவார். ஆடு வேகிற அன்று அவருக்கு ஊழிய பாரம் பொங்கிக்கொண்டு வரும். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வது பஞ்சர் கடை மாசிலாமணி.

இந்த அசனத்துக்குப் பேராயரும் வந்திருந்தார். "வாராவாரம் பேசுறவரே இன்னைக்கும் பேசட்டும்" என்றார்.

போதகர் முகம் சுண்டிப்போனது. இறையியலில் மூன்று பட்டம் வாங்கியவர் அல்லவா. எல்லோரும் கேட்கச் சொன்னார்: "படிக்காதவன் சொந்தமாகப் பேசினால் உபதேசம் கெட்டுப்போகும். போன தடவை நான் இங்கே சொன்னதை மட்டும் பேசு. அதைத் தாண்டினால் இனி பிரசங்க பீடத்தில் ஏறக் கூடாது."

"சரிங்கய்யா" என்று மாசிலாமணி பீடத்தில் ஏறினார். சபையைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா போன தடவை என்ன சொன்னாங்க? யாராவது எடுத்துக் குடுங்க."

சபை மொத்தமும் கூரையைப் பார்த்தது.

"நீங்களாவது சொல்லுங்கய்யா."

போதகர் அங்கியைச் சரிசெய்தார், கைக்குட்டையைத் தேடி எடுத்தார். பிரசங்கம் மட்டும் அகப்படவில்லை.

அசனத்துக்குச் சமைக்கும் ரூபவதி பின்வரிசையில் எழுந்தாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கறியில உப்பே இல்லைன்னு சொன்னாங்க."

"அது போதும்க்கா" என்றார் மாசிலாமணி. "சபையாரே, ஐயா உத்தரவைத் தாண்ட மாட்டேன். இன்னைக்குச் செய்தி, ஒண்ணுக்கும் உதவாதுன்னு இயேசு சொன்ன சாரம் போன உப்பு."

முக்கால் மணி நேரம் பேசினார். பேராயர் குனிந்தே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

மத்தியானக் கறியிலும் உப்பு இல்லை. போதகர் வாயே திறக்காமல் சாப்பிட்டு முடித்தார்.