நாரத்தைக்கு நாற்பது குடம்

“தோட்டக்காரி தூங்குகிறாள், மரம் மஞ்சளாகிறது! தோட்டக்காரி தூங்குகிறாள், மரம் மஞ்சளாகிறது!” மூன்று நாளாக ராஜசபையில் இதே பாட்டுத்தான் சபைப் பிரமுகர் பரமானந்தருக்கு. ஒருதரம் சொன்னால் யாருக்கும் காது கேட்காதா என்ன?

நான் சொல்வது, மலையடிவாரத்து நாடொன்றைச் சித்திரசேன ராஜா ஆண்ட காலம். நாரத்தங்காய் ஊறுகாய் இல்லாமல் அவருக்குத் தயிர்சாதம் இறங்காது. அரண்மனைத் தோட்டத்தில் இருந்ததோ ஒரே நாரத்தை மரம். மார்கழிப் பனி விழுந்ததும் அதன் இலை மஞ்சளடித்தது. ராஜா பதறிப்போய், “என்மேல் அன்புள்ளவர்கள் தினம் விடியலில் ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்” என்று உத்தரவு போட்டார். சபையில் நாற்பது பேர். அன்பில்லை என்று எவராவது சொல்வாரா? நாற்பது குடமும் தவறாமல் விழுந்தது. மரம் இன்னும் மஞ்சளாயிற்று.

“ஊத்தாதீங்க சாமி” என்று தோட்டக்காரி செவந்தி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? அவள் குடியிருந்த தோட்டத்து வீட்டின்மேல் பரமானந்தருக்குக் கண். மைத்துனருக்கு வேண்டுமாம்!

“தை பிறப்பதற்குள் பச்சையாகாவிட்டால் வீட்டைக் காலி செய்” என்று பரமானந்தர் பேச்சை நம்பிச் செவந்தியிடம் சொல்லிவிட்டார் ராஜா.

செவந்தி அழவில்லை. “மகாராஜா, அந்த மரத்துமேல யாருக்குப் பிரியம் ஜாஸ்தி?”

“எனக்குத்தான்!” பரமானந்தர் முந்திக்கொண்டார். “மன்னருக்காக அந்த மரமாகவே நிற்பேன்!”

“ஒரு நாள் காலையில மரத்தடியில நின்னு காட்டுங்களேன். சாப்பாடு என் பொறுப்பு. நீங்க ஒழுங்கா சாப்பிட்டு முடிச்சா, வீடு அன்னைக்கே உங்க மைத்துனருக்கு.”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். “சரி!” என்றுவிட்டார்.

மறுநாள் விடியல். மரத்தடிச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி நின்றார் பரமானந்தர். அன்றைக்கு முப்பத்தொன்பது குடம்தான். நாற்பதாவது ஆள் பாத்திக்குள் இருந்தாரே! பிறகு, அரண்மனைச் சமையல்காரனிடம் செவந்தி சொல்லிவைத்திருந்த நெய் சொட்டும் வெண்பொங்கலும் வடையும் கைக்கு வந்தன. ஒரு வாய் வைத்தார். பல் தந்தியடித்தது, பொங்கல் சேற்றில் விழுந்தது.

“என்ன பரமானந்தரே, என் சமையல்காரன்மேல் கோபமா?” என்றார் ராஜா.

“கா... கால் விறைத்துவிட்டது மன்னா. விழுங்க முடியவில்லை.”

“முகம்கூட வெளிறிக் கிடக்கிறதே!”

செவந்தி கைகட்டிச் சொன்னாள்: “சாமிக்குக் கால் வேற, வாய் வேற. அதுக்கே இந்தக் கதி. மரத்துக்குக் காலும் வாயும் வேர்தானே, மகாராஜா? மண்ணு குளிர்ந்தா வேர் மந்தமாத்தான் சாப்பிடும். அதைத் தண்ணியில வேற ஊறப்போட்டா? பழைய இலையில இருக்குற சத்தை எடுத்துக்கிட்டு உசிரைப் பிடிச்சிட்டிருக்கு. சேறு காயட்டும், வெயில் ஏறட்டும். மாசியில தளிர் விடும்.”

ராஜா மீசையைத் தடவினார். “அப்படியானால் மரத்தைக் கெடுத்தது யார்?”

“அதை என் வாயால சொல்வேனா, மகாராஜா?”

ராஜா வெடித்துச் சிரித்தார். “நான்தான்! போதாததற்கு நாற்பது ஆமாம்சாமிகள்!” தம் சால்வையை எடுத்துச் செவந்திக்குப் போர்த்தினார். “வீடு உன் ஆயுசுக்கும் உனக்கே. இனி இவள் சொல்லாமல் யாரும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நானும்தான். வாருங்கள், பொங்கல் ஆறுகிறது.”

முப்பத்தொன்பது பேரும் பந்திக்கு ஓடினார்கள்.

“ஐயா, கால் வரமாட்டேன் என்கிறது... யாராவது ஒரு கை கொடுங்களேன்!”